இறந்த பின் எழுந்த வழக்கு: ஓட்ட வீராங்கனை ஸ்டெல்லா வால்ஷின் வாழ்க்கை

உலக விளையாட்டரங்கில் புகழ்க்கொடி நாட்டியோர் பலர். அவர்களுடைய வரலாற்றை எழுதுவோர், வென்ற பதக்கங்களை எண்ணிச் சொல்லி, ஓய்வு பெற்ற நாளோடு கட்டுரையை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் ஸ்டெல்லா வால்ஷ் என்னும் வீராங்கனையின் கதை அவ்வாறு முடியவில்லை. அவர் கல்லறைக்குச் செல்லும் முன்னரே அவர் பெண்தானா என்னும் வழக்கு எழுந்தது. வழக்காட அவர் உயிரோடு இல்லை.

நான் நம் கல்லூரிக்காக மகளிர் 100 மீட்டர் ஓட்டத்தில் ஓடுபவள். மகளிர் போட்டியில் யார் ஓடலாம், யார் ஓடலாகாது என்று உலகம் இன்று காரசாரமாக வாதிடுகிறது. பிறப்பில் ஆணாக இருந்து பின்னர்ப் பெண்ணாக வாழும் திருநங்கையரைப் பற்றியும், பிறவியிலேயே உடற்கூறு மாறுபட்டவர்களைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசுகிறார்கள். இப்பெரிய கேள்வியை ஒரு மனிதப் பிறவியின் வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும் என்று கருதியே ஸ்டெல்லாவின் வரலாற்றை எழுதத் துணிந்தேன்.

பிறப்பும் இளமையும்

1911ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த போலந்துச் சிற்றூர் ஒன்றில் ஸ்டெல்லா பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஸ்தனிஸ்லாவா வாலசியேவிச். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குச் சென்று, ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாண்டு நகரில் குடியேறியது. தந்தை எஃகு ஆலைத் தொழிலாளி. நீண்ட போலந்துப் பெயர் அமெரிக்க நாவுக்கு எளிதாக ஸ்டெல்லா வால்ஷ் என்று சுருங்கியது.

ஒலிம்பிக் விழாவில் மகளிருக்கான ஓட்டப் போட்டிகள் முதன்முதலாக நடந்தது 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில்தான். அப்போது ஸ்டெல்லாவுக்கு வயது 17. காலில் வேகம் இருந்தது. கையில் அமெரிக்கக் குடியுரிமை இல்லை. ஆகவே அவ்விழாவுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டவில்லை. 1930ஆம் ஆண்டில் அவர் 100 கெஜ ஓட்டத்தை 10.8 விநாடியில் ஓடி, அத்தூரத்தை 11 விநாடிக்குள் கடந்த முதல் பெண் என்னும் பெருமையைப் பெற்றார்.

அடுத்து வந்தது பொருளாதாரப் பெருமந்தம். ரயில்வே நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருந்த அவருடைய வேலை பறிபோயிற்று. நகராட்சியின் விளையாட்டுத் துறையில் வேலை கிடைக்கும் நிலை இருந்தது. ஆனால் விளையாட்டின் பேரால் ஊதியம் பெற்றால் ஒலிம்பிக்கில் ஓட முடியாது என்பது அக்காலத்து விதி. இந்நேரத்தில் போலந்துத் துணைத் தூதரகம் அவருக்கு வேலை தர முன்வந்தது. அமெரிக்கக் குடியுரிமை கைக்கெட்டும் தறுவாயில், பிறந்த நாட்டுக்காகவே ஓடுவது என்று ஸ்டெல்லா முடிவு செய்தார். வயிற்றுக்கும் ஓட்டத்துக்கும் இடையே அகப்பட்ட ஓர் ஏழைத் தொழிலாளியின் மகள் வேறு என்ன செய்திருக்க முடியும்?

வெற்றியும் தோல்வியும்

1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மகளிர் 100 மீட்டர் இறுதிப் போட்டி நடந்தது. ஸ்டெல்லா 11.9 விநாடியில் முதலாவதாக வந்து தங்கம் வென்றார். அது அன்றைய உலகச் சாதனைக்குச் சமமான நேரம். இரண்டாவதாக வந்தவர் கனடா நாட்டின் ஹில்டா ஸ்ட்ரைக். அவருக்கும் அதே 11.9 விநாடி. மயிரிழை வேறுபாட்டில் ஒருவருக்குத் தங்கமும் மற்றவருக்கு வெள்ளியும் கிடைத்தன. ஹில்டாவின் பெயரை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்; வழக்கின் மறுபக்கம் அவருடையது.

நான்கு ஆண்டுகள் கழித்து 1936ஆம் ஆண்டு பெர்லினில் ஸ்டெல்லா மீண்டும் களம் இறங்கினார். இம்முறை அமெரிக்காவின் ஹெலன் ஸ்டீபன்ஸ் 11.5 விநாடியில் அவரை வென்றார். ஸ்டெல்லாவுக்கு 11.7 விநாடியும் வெள்ளிப் பதக்கமும் கிட்டின. ஹெலன் ஆறடி உயரம் கொண்டவர். ஆழ்ந்த குரல் உடையவர். அவர் பெண்ணே அல்லர் என்று போலந்துப் பத்திரிகையில் பழி எழுந்தது. அவர் பெண்தான் என்று சோதித்து உறுதி செய்யப்பட்டதாக அறிவிக்க வேண்டிய நிலைக்கு அதிகாரிகள் தள்ளப்பட்டனர். ஓடி வென்ற பெண்ணுக்கு இதைவிட இழிவு வேறென்ன வேண்டும்?

1938ஆம் ஆண்டு வியன்னாவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் ஆகிய இரண்டிலும் ஸ்டெல்லா தங்கம் வென்றார். பிறகு உலகப் போர் வந்தது. 1940, 1944 ஆகிய இரண்டு ஒலிம்பிக் விழாக்களும் நடைபெறவில்லை. 1947இல் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1956இல் திருமணம் செய்துகொண்டு, தம் 45ஆம் வயதில் அமெரிக்க அணியில் இடம்பெற முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. மணவாழ்க்கையும் நீடிக்கவில்லை. ஆயினும் அமெரிக்கத் தேசியப் பட்டங்கள் மட்டும் நாற்பதுக்கும் மேல் அவர் பெயரில் இருந்தன. 1975இல் அந்நாட்டுத் தடகளப் புகழவையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. கிளீவ்லாண்டின் போலந்து மக்களிடையே அவர் வீட்டுப் பிள்ளையாக வாழ்ந்தார். இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

மறைவும் மறைபொருளும்

1980ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், போலந்திலிருந்து வரவிருந்த மகளிர் கூடைப்பந்தாட்டக் குழுவை வரவேற்க வண்ண நாடாக்கள் வாங்குவதற்காக ஸ்டெல்லா கடைக்குச் சென்றார். கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் கொள்ளையர் அவரைச் சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது 69.

கொலை வழக்கு என்பதால் சட்டப்படி பிரேதப் பரிசோதனை நடந்தது. அவர் உடலில் கருப்பை இல்லை என்பதும், முழு வளர்ச்சி பெறாத ஆண் உறுப்புகள் இருந்தன என்பதும் அதில் தெரியவந்தன. குரோமோசோம்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலான உயிரணுக்கள் ஆணுக்குரிய எக்ஸ்-ஒய் அமைப்பையும், சில உயிரணுக்கள் ஒற்றை எக்ஸ் அமைப்பையும் கொண்டிருந்தன. ஓர் உடலில் இருவகை அணுக்கள் கலந்திருக்கும் இந்நிலையை மருத்துவர்கள் கலப்பணு நிலை என்பர். அடக்கம் நடக்கும் முன்பே செய்தி கசிந்து ஊரெங்கும் பரவியது. பிறந்த நாள் முதல் பெண்ணாகவே வளர்க்கப்பட்டு, பெண்ணாகவே வாழ்ந்து, சட்டத்தின் பார்வையிலும் பெண்ணாகவே இருந்தவர் என்று பரிசோதனை அதிகாரி முடிவு கூறினார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டெல்லா திருநங்கை அல்லர். ஆணாக வளர்ந்து பெண்ணாக மாறியவர் அல்லர். வேடம் புனைந்து ஏமாற்றியவரும் அல்லர். பிறவி அவருக்கு அளித்த உடலோடு, ஊர் அவருக்கு அளித்த பெயரோடு, அக்கால விதிகளுக்கு உட்பட்டு ஓடியவர்.

நீதி யார் பக்கம்?

ஹில்டா ஸ்ட்ரைக்குக்குத் தங்கம் தர வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. அக்கோரிக்கையை அலட்சியமாக ஒதுக்க என் மனம் இடம் தரவில்லை. மகளிர் போட்டி என்று ஒன்று தனியே இருப்பதற்குக் காரணம் உண்டு. பூப்புப் பருவத்தில் ஆணின் உடலில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு தசையையும் எலும்பையும் வலுவாக்குகிறது. இரத்தத்தின் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. ஓட்டத்தில் இதனால் விளையும் வேறுபாடு உலகத் தரத்தில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு வரை. 1932இல் ஆடவர் 100 மீட்டர் ஓட்டத்தை வென்ற எடி டோலனுக்கு ஆன நேரம் 10.3 விநாடி. 56 ஆண்டுகள் கழித்து, 1988இல் ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் படைத்த மகளிர் உலகச் சாதனை 10.49 விநாடி. அச்சாதனை வீராங்கனை கூட 1932இன் ஆடவர் போட்டியில் ஓடியிருந்தால் தங்கம் பெற்றிருக்க மாட்டார். தனிப்போட்டி இல்லையேல் பரிசு மேடையில் பெண்ணுக்கு இடமே இராது. என் போன்ற கல்லூரி மாணவிகளுக்கும் இது பொருந்தும். ஆகவே மகளிர் போட்டிக்கு ஒரு வேலி வேண்டும் என்போர் இரக்கமற்றவர்கள் அல்லர்.

மறுபக்கமும் உண்டு. வேலி எங்கே போடுவது? கண்ணால் பார்த்துப் போடலாம் என்றால், பெர்லினில் கண் யாரைச் சுட்டியது? ஹெலன் ஸ்டீபன்ஸைச் சுட்டியது. மருத்துவத்தின் பார்வையில் மாறுபட்ட உடல் இருந்ததோ அவருக்குப் பின்னால் ஓடி வந்தவரிடம். ஹெலனின் உயரமும் குரலும் குற்றச்சாட்டாயின. ஸ்டெல்லாவை மேடை பாராட்டியது. தோற்றத்தை வைத்துத் தீர்ப்பளிப்பது எத்தனை பிழையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சரி, குரோமோசோமை வைத்துப் போடலாமா? 1968 முதல் ஒலிம்பிக்கில் அவ்வாறுதான் சோதித்தனர். 1985இல் ஜப்பானின் கோபே நகரில் ஸ்பெயின் வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ அச்சோதனையில் விலக்கப்பட்டார். அவர் உடலில் ஒய் குரோமோசோம் இருந்தது. ஆனால் ஆண் சுரப்பை ஏற்றுப் பயன்கொள்ளும் ஆற்றல் அவ்வுடலுக்கு இல்லை. பட்டங்களையும் பெயரையும் இழந்து போராடிய அவர் 1988இல் மீண்டும் தகுதி பெற்றார். 1999இல் ஒலிம்பிக் குழு அனைவருக்குமான அச்சோதனையைக் கைவிட்டது. பின்னர்ச் சுரப்பின் அளவை வைத்து விதிகள் வந்தன. 2023இல் உலகத் தடகள அமைப்பு, ஆணின் பூப்புப் பருவத்தைக் கடந்த திருநங்கையர் உலகத் தரப் பட்டியலுக்குரிய மகளிர் போட்டிகளில் கலந்துகொள்ள இயலாது என்று முடிவு செய்தது. 2025இல் அதே அமைப்பு மகளிர் பிரிவுக்கு மரபணுச் சோதனையைக் கொண்டுவந்தது. வேலி இடம் மாறிக்கொண்டே வருகிறது.

வேலி மாறும்போதெல்லாம் அதன் முள் யாராவது ஒருவர் மேல் தைக்கிறது. நமக்கு அண்மையிலேயே சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தின் எளிய குடும்பம் ஒன்றிலிருந்து ஓடி வந்த சாந்தி சௌந்தரராஜன் 2006ஆம் ஆண்டு தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. அவருடைய உடலைப் பற்றிய அந்தரங்கம் உலகெங்கும் செய்தியாயிற்று. விதி ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பெண்ணின் மானத்தைச் சந்தையில் ஏலம் விட எந்த விதி சொன்னது?

நான் கண்ட முடிவு

ஸ்டெல்லாவின் வாழ்வைப் படித்தபின் என் நெஞ்சில் நிலைத்த கருத்துகள் மூன்று.

முதலாவது: விதி ஓட்டத்துக்கு முன் வர வேண்டும், பதக்கத்துக்குப் பின் வரலாகாது. தம் காலத்து விதியை மீறாதவரைப் பிற்காலத்து அறிவைக் கொண்டு தண்டிப்பது நீதியாகாது. ஒலிம்பிக் குழு ஸ்டெல்லாவின் தங்கத்தை நீக்கவில்லை. அது சரியென்றே கருதுகிறேன். ஹில்டாவுக்கும் அதில் பழி இல்லை, ஸ்டெல்லாவுக்கும் பழி இல்லை. இருவருமே நேர்மையாக ஓடியவர்கள்.

இரண்டாவது: திருநங்கையர் பிரச்சினை வேறு, பிறவியில் உடற்கூறு மாறுபட்டோர் பிரச்சினை வேறு. முன்னதில், ஆணின் பூப்புப் பருவம் தந்த வலிமை எவ்வளவு எஞ்சுகிறது என்பது கேள்வி. பின்னதில், ஒவ்வோர் உடலும் வெவ்வேறு கதை சொல்கிறது. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுவது அறிவுக்கும் பொருந்தாது, அன்புக்கும் பொருந்தாது. உலகப் பரிசுக்குரிய மகளிர் ஓட்டத்தில் உடல்வலிமையை அடிப்படையாகக் கொண்ட விதி தேவை என்பதை ஓடுபவள் என்ற முறையில் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விதியைக் காட்டி, ஊர்த் திடலிலும் கல்லூரி மைதானத்திலும் உடல்நலத்துக்காக ஆட வரும் திருநங்கையைத் துரத்துவதை ஒருநாளும் ஒப்பமாட்டேன். தங்கம் ஒருவருக்குத்தான் கிடைக்கும்; திடல் எல்லாருக்கும் போதும்.

மூன்றாவது: சோதனை தேவைப்பட்டால் அது மருத்துவருக்கும் வீராங்கனைக்கும் இடையே அடங்க வேண்டும். வதந்தியும் பத்திரிகைத் தலைப்பும் நீதிமன்றமாகக் கூடாது. தகுதி இல்லை என்று சொல்ல நேர்ந்தாலும், நீ குற்றவாளி அல்லள் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பும் பெருந்தன்மை வேண்டும். அவ்வாறு அனுப்பப்பட்டவருக்குப் படிப்பும் பணியும் பயிற்சியாளர் பதவியும் கிடைக்க வழி செய்வது விளையாட்டு அமைப்புகளின் கடமை.

கிளீவ்லாண்டு நகரம் அவருடைய உடலைப் பற்றிய செய்தியெல்லாம் அறிந்த பின்னும், அங்குள்ள பொது விளையாட்டுக்கூடம் ஒன்று ஸ்டெல்லா வால்ஷின் பெயரையே தாங்கி நிற்கிறது. சிறுவரும் சிறுமியரும் அங்கே ஓடி ஆடுகிறார்கள். துலாக்கோலின் ஒரு தட்டில் நியாயத்தையும் மறு தட்டில் மனிதத்தையும் வைத்துப் பார்க்கும் பொறுப்பு இனி நம் தலைமுறையைச் சேர்ந்தது. நாளை நம்மில் சிலர் உடற்கல்வி ஆசிரியர்களாகலாம். சிலர் மருத்துவத் துறையில் பணியாற்றலாம். சிலர் பத்திரிகைகளில் எழுதலாம். அன்று ஓட்டக் கோட்டருகே ஒரு பெண்ணின் மேல் ஐயம் எழும்போது, ஸ்டெல்லாவையும் ஹில்டாவையும் ஒருசேர நினைத்துக்கொண்டு பேசுவோமாக.