ஜெரமி பெந்தாம்

ஜெரமி பெந்தாம் (பெப்ரவரி 15, 1748 – சூன் 6, 1832) இங்கிலாந்தைச் சேர்ந்த மெய்யியலாளரும் சட்டச் சீர்திருத்தவாதியும் ஆவார். ஒரு செயலின் நன்மை தீமையை அதனால் மக்களுக்கு விளையும் இன்ப துன்பங்களைக் கொண்டே அளவிட வேண்டும் என்னும் பயன்பாட்டுவாதக் கொள்கையின் முன்னோடியாக இவர் அறியப்படுகிறார். சட்டமன்றங்களின் கூட்டங்களும் நீதிமன்றங்களின் விசாரணைகளும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு விரிவான காரணங்களை வகுத்தளித்தவரும் இவரே.

இளமையும் கல்வியும்

பெந்தாம் இலண்டனில் வழக்குரைஞர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். வெசுட்மின்சுட்டர் பள்ளியில் பயின்றபின், 1760-ல் தமது 12-ஆம் வயதில் ஆக்சுபோர்டு குயின்சு கல்லூரியில் சேர்ந்தார். அங்கு புகழ்பெற்ற சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்சுடோனின் விரிவுரைகளைக் கேட்டார். 1769-ல் வழக்குரைஞராகத் தகுதி பெற்றார். எனினும் தொழிலில் நிலைக்கவில்லை. சான்சரி நீதிமன்ற அலுவலர் முன் ஒருமுறை மட்டுமே நடந்த அமர்வுக்கு மூன்று அமர்வுகளுக்கான கட்டணம் கட்சிக்காரர்களிடம் பெறப்படும் வழக்கம் இவரை வெறுப்படையச் செய்தது. சட்டத்தைக் கொண்டு வருவாய் ஈட்டுவதை விடுத்து, அதைத் திருத்துவதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார்.

பிளாக்சுடோனின் கருத்துக்களை மறுத்து இவர் எழுதிய முதல் பெரிய நூல் 1776-ல் ஆசிரியர் பெயரின்றி வெளியானது. பயன்பாட்டுவாதத்தை விளக்கும் முதன்மை நூல் 1789-ல் வெளிவந்தது.

வட்டச் சிறைத் திட்டம்

நடுவில் உள்ள கோபுரத்திலிருந்து அனைத்துக் கைதிகளையும் கண்காணிக்கக்கூடிய வட்ட வடிவச் சிறைச்சாலைத் திட்டத்தைப் பெந்தாம் 1791-ல் வெளியிட்டார். பொதுமக்கள் எந்நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம் என்பதும் இத்திட்டத்தின் ஒரு பகுதி. கைதிகளைக் காவலர் கண்காணிப்பது போல, காவலரை மக்கள் கண்காணிக்க வேண்டும் என்பது இவரது நோக்கம். இரு பதிற்றாண்டு முயற்சிக்குப் பின்னும் திட்டம் நிறைவேறவில்லை. 1813-ல் அரசு இவருக்கு 23,000 பவுண்டு இழப்பீடு வழங்கியது. பிற்காலத்தில் பிரெஞ்சு அறிஞர் மிசேல் பூக்கோ (1975) இத்திட்டத்தை நவீன அரசுகளின் அடக்குமுறைக் கண்காணிப்புக்கு உருவகமாகக் கொண்டு ஆய்வு செய்தார்.

திறந்த அவை

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சட்டமன்ற நடைமுறை பற்றி இவர் எழுதிய கட்டுரைகளை, செனீவாவைச் சேர்ந்த எத்தியேன் துய்மோன் தொகுத்து 1816-ல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். அவையில் கொண்டுவரப்படும் தீர்மானங்கள், உரைகள், வாக்களித்தோர் பெயர்கள் ஆகியன வெளியிடப்பட வேண்டும் என்றும், பார்வையாளர்கள் அனுமதிக்கப்பட வேண்டும் என்றும் பெந்தாம் கூறினார். அதிகாரம் பெற்றவர் தவறிழைக்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. ஆகவே அவர்மீது ஐயம் கொள்வது மக்களின் கடமை என்பது இதற்கு அடிப்படை. பகைவருக்குத் துணைபோகும் செய்திகளுக்கும், குற்றமற்றவரைத் தேவையின்றிப் புண்படுத்தும் செய்திகளுக்கும் விலக்கு அளித்தார்.

அதேவேளை, தேர்தலில் மக்கள் அளிக்கும் வாக்கு மறைவாக இருக்க வேண்டும் என்றார். அதிகாரம் உடையவரே வெளிப்படையாக இருக்க வேண்டும், அதிகாரமற்றவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதால் இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல.

திறந்த நீதிமன்றம்

இதே கொள்கையைப் பெந்தாம் நீதித்துறைக்கும் பொருத்தினார். நீதிமன்றச் சான்றுகள் பற்றிய இவரது கையெழுத்துப் படிகளை, அப்போது இருபது வயதளவில் இருந்த ஜான் இசுடூவர்ட் மில் செப்பனிட, அவை 1827-ல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தன. பலர் முன்னிலையில் பேசும் சாட்சி பொய் சொல்ல அஞ்சுவார். உண்மை அறிந்த மூன்றாம் நபர் அவரை மறுக்க முன்வரவும் கூடும். நீதிபதியும் தாம் தீர்ப்பளிக்கும்போதே தாமும் மதிப்பிடப்படுவதை உணர்வார். மேல்முறையீடு, எழுத்துப் பதிவு போன்ற பிற காப்புகள் மறைவில் நடக்கும் விசாரணையில் பெயரளவிலேயே நிற்கும் என்று இவர் வாதிட்டார். பலர் கூடி அமரும் ஆயத்தில் பொறுப்பு எவருடையது என்பது மறைந்துவிடுவதால், ஒரு நீதிமன்றத்துக்கு ஒரு நீதிபதியே போதும் என்றார். குடும்ப மானம், பொது ஒழுக்கம், அமைதி ஆகியவற்றைக் காக்க மூடிய விசாரணை நடத்தலாம் என்பதை இவர் ஏற்றார்.

அரசுக்கு எதிரான அவதூறு வழக்குகளில் நீதிமன்ற அலுவலரே நடுவர் குழுவினரைத் தெரிவு செய்யும் முறையைக் கண்டித்து இவர் ஒரு நூல் எழுதினார். அந்நூலே அவதூறு வழக்குக்கு இடமளிக்கும் என்று நண்பர் சாமுவேல் ரோமிலி எச்சரித்தார். அச்சடித்த படிகள் நெடுங்காலம் முடங்கிக் கிடந்து 1821-ல் தான் விற்பனைக்கு வந்தன.

மறைவு

பெந்தாம் 1832 சூன் 6 அன்று இலண்டனில் காலமானார். தேர்தல் சீர்திருத்தச் சட்டம் மறுநாள் அரச ஒப்புதல் பெற்றது. இவரது விருப்பப்படி உடல் மருத்துவ விளக்கத்துக்காக அறுக்கப்பட்டது. உடை அணிவிக்கப்பட்ட எலும்புக்கூடு, மெழுகுத் தலையுடன் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேணப்பட்டு வருகிறது.

தாக்கம்

1913-ல் இசுகாட் எதிர் இசுகாட் வழக்கில், மணவழக்கை மூடிய அறையில் நடத்தியது தவறு எனப் பிரித்தானியப் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தபோது பெந்தாமின் கருத்துக்கள் மேற்கோளாக எடுத்தாளப்பட்டன. இந்திய உச்ச நீதிமன்றம் 1966-ல் மிராச்கர் வழக்கில் இவரை மேற்கோள் காட்டியது. எனினும் சாட்சியத்தை வெளியிடத் தடை விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு என்றே பெரும்பான்மை முடிவு செய்தது. 2018-ல் அதே நீதிமன்றம் முதன்மை வழக்குகளின் நேரலை ஒளிபரப்புக்கு இசைந்தது. அரசியல் சாசன ஆயத்தின் விசாரணைகள் 2022 செப்டம்பர் முதல் நேரலையாயின.

விசாரணைக் கூடம் திறக்கப்பட்ட அளவுக்கு நீதித்துறையின் நிருவாகக் கூட்டங்கள் திறக்கப்படவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1976-ல் இயற்றப்பட்ட திறந்த கூட்டச் சட்டம் நடுவண் அரசின் குழு அமைப்புகளையே கட்டுப்படுத்துகிறது. நீதிமன்றங்கள் அதில் அடங்கா. இந்தியத் தலைமை நீதிபதியின் அலுவலகம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என 2019-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் நீதிபதிகளைத் தெரிவு செய்யும் கொலீசியத்தின் இறுதி முடிவுகளன்றி, அதன் கலந்துரையாடல்களை வெளியிட வேண்டியதில்லை என்று 2022-ல் தீர்ப்பளித்தது.