ஆலிவர் எல்ஸ்வொர்த்

அமெரிக்க சுதந்திர வரலாற்றைப் படித்தோர் வாஷிங்டனையும் ஜெபர்ஸனையும் நன்கறிவர். போர்க்களத்தில் வென்ற சுதந்திரத்தைக் கோர்ட்டுகளில் நிலைபெறச் செய்தவர்களை அறிந்தோர் மிகச் சிலரே. சட்டம் இயற்ற ஒரு சபை போதும். அந்தச் சட்டம் எளியவன் வாசல் வரையில் சென்று பயன் தருவதற்கு வேறொரு யந்திரம் வேண்டும். அமெரிக்காவுக்கு அந்த யந்திரத்தை அமைத்துக் கொடுத்தவருள் தலையாயவர் ஆலிவர் எல்ஸ்வொர்த். அவர் சரிதம் நமது தேசத் தொண்டர்களுக்கு உபயோகமாகும் என்று கருதி ஈண்டு எழுதுகிறோம்.

கனெக்டிகட் ராஜ்யத்தின் விண்ட்ஸர் என்னும் ஊரில் 1745-ல் அவர் பிறந்தார். தந்தையார் அவரைப் பாதிரியாராக்க விரும்பினார். மகனோ 1766-ல் பிரின்ஸ்டன் கலாசாலையில் பட்டம் பெற்று, சில காலம் வேத சாஸ்திரம் பயின்றபின், அதை விட்டுச் சட்டத்தில் இறங்கினார். 1771-ல் வக்கீலானார். முதல் மூன்று வருஷங்களில் அவருக்குக் கிடைத்த வருமானம் மூன்று பவுன்தான் என்பர். குதிரை வைத்துக்கொள்ள வசதியின்றி ஹார்ட்போர்டிலுள்ள கோர்ட்டுக்கு நடந்தே சென்று திரும்பினார். மரம் வெட்டி விற்றுக் கடன் தீர்த்தார். பின்னர் தொழில் பெருகியது, செல்வமும் சேர்ந்தது. 1778-ல் தமது ராஜ்யத்தின் பிரதிநிதியாகக் காங்கிரஸில் அமர்ந்தார்.

அங்கே அவர் கண்ட ஒரு வழக்கைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கிடியன் ஆம்ஸ்டெட் என்ற கனெக்டிகட் மாலுமியும் அவர் தோழர் மூவரும் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, ஆக்டிவ் என்னும் பாய்க்கப்பலில் வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். நியூயார்க்கிலிருந்த ஆங்கிலச் சேனைக்குப் பண்டங்கள் ஏற்றிச் சென்ற கப்பல் அது. நடுக்கடலில் நால்வரும் துணிந்து எழுந்து கப்பலைக் கைப்பற்றினர். கரையை நெருங்குகையில் பென்ஸில்வேனியா ராஜ்யத்தின் போர்க்கப்பல் குறுக்கிட்டு, அதைத் தனது வெற்றிப் பொருளாகப் பிலடெல்பியாவுக்கு இழுத்துச் சென்றது. அந்த ராஜ்யத்தின் கோர்ட்டில் ஜூரிகள் நால்வருக்கும் சேர்த்துக் கால் பங்குதான் கொடுத்தனர்! மாலுமிகள் காங்கிரஸின் அப்பீல் கமிட்டிக்குச் சென்றனர். எல்ஸ்வொர்த் அக்கமிட்டியில் ஒருவர். முழுத் தொகையும் மாலுமிகளுக்கே உரியதென்று 1778 டிஸம்பரில் கமிட்டி தீர்ப்பளித்தது. பென்ஸில்வேனியா கோர்ட் அதற்குக் கீழ்ப்படிய மறுத்துவிட்டது. கமிட்டிக்கு ஓர் அமீனாவும் இல்லை. பணம் ராஜ்யப் பொக்கிஷதாரர் கையில் தங்கிவிட்டது. தீர்ப்பு தாளிலே கிடந்தது.

1787-ல் பிலடெல்பியாவில் அரசியல் நிர்ணய மகாநாடு கூடியபோது எல்ஸ்வொர்த்தும் சென்றார். பெரிய ராஜ்யங்களும் சிறிய ராஜ்யங்களும் பிணங்கி நின்ற வேளையில், ஒரு சபைக்கு ஜனத்தொகைப்படியும் மற்றொன்றுக்குச் சமமாகவும் பிரதிநிதிகள் என்ற சமரசத்துக்கு உழைத்தவர்களுள் அவர் ஒருவர். ஆயினும் கோர்ட்டுகளைப் பற்றி அரசியல் சட்டம் சொன்னது சொற்பம். ஒரு ஸுப்ரீம் கோர்ட் உண்டு, கீழ்க் கோர்ட்டுகளைக் காங்கிரஸ் விரும்பினால் அமைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. எஞ்சிய யாவும் சட்டசபையின் பொறுப்பாயிற்று.

1789 ஏப்ரலில் ஸெனேட் சபை நியமித்த கமிட்டிக்கு அவரே தலைவர். மசோதாவின் பெரும் பகுதி அவர் கைப்பட எழுதியது. எதிர்ப்புக்கும் குறைவில்லை. சமஷ்டிக் கோர்ட்டுகள் ராஜ்யக் கோர்ட்டுகளை விழுங்கிவிடும் என்றும், ஏழைக் குடியானவன் நூற்றுக்கணக்கான மைல் அலைக்கழிக்கப்படுவான் என்றும் பலர் அஞ்சினர். அந்த அச்சம் வீண் அச்சமன்று. எல்ஸ்வொர்த் அதற்கு இடங்கொடுத்தே சட்டத்தை வகுத்தார். பதின்மூன்று ஜில்லாக் கோர்ட்டுகள் ஏற்பட்டன; ஜட்ஜ் அந்த ஜில்லாவிலேயே வசிக்க வேண்டும். பொது விவகாரங்களில் ராஜ்யச் சட்டமே தீர்ப்புக்கு ஆதாரம். சமஷ்டிச் சட்டம் சம்பந்தப்பட்ட வழக்குகள் பலவும் ராஜ்யக் கோர்ட்டுகளிடமே விடப்பட்டன. அவற்றைப் பொதுவாக விசாரிக்கும் அதிகாரம் சமஷ்டிக் கீழ்க் கோர்ட்டுகளுக்கு நிலையாகக் கிட்டியது 1875-ல்தான். நம் நாட்டில் ஹைகோர்ட்டுகளே இரு வகைச் சட்டங்களையும் விசாரிப்பதால், இரு வரிசைக் கோர்ட்டுகள் அருகருகே நடக்கும் அந்த ஏற்பாடு நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம்.

இவ்வளவு விட்டுக்கொடுத்தவர் ஓரிடத்தில் மட்டும் இரும்பாய் நின்றார். சமஷ்டிச் சட்டம் ஒருவனுக்கு அளித்த உரிமையை ராஜ்யத்தின் உச்சக் கோர்ட் மறுத்தால், அவன் ஸுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் செய்யலாம் என்பது இருபத்தைந்தாவது பிரிவு. அத்துடன் ஒவ்வொரு ஜில்லாவுக்கும் தீர்ப்பை நிறைவேற்ற ஒரு மார்ஷலையும் சட்டம் நியமித்தது. ஆக்டிவ் வழக்கில் இல்லாமற்போனவை இவ்விரண்டுமே. செப்டம்பர் 24-ம் தேதி வாஷிங்டன் கையெழுத்திட்டார்.

குறைகளும் இருந்தன. சர்க்யூட் கோர்ட்டுகளுக்குத் தனி ஜட்ஜுகளை நியமியாமல், ஸுப்ரீம் கோர்ட்டின் ஆறு நீதிபதிகளையே ஊர் ஊராகச் சுற்றவிட்டது சிக்கனமல்ல, கொடுமை என்றே நாம் சொல்லுவோம். சேற்றிலும் பனியிலும் மாதக்கணக்காக வண்டியில் அலைந்த முதியவர்கள் முறையிட்டும், 1793-ல் சிறிது பளு குறைந்ததேயன்றி அவ்வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு ஒழியவில்லை. பதின்மூன்றாம் பிரிவில் ஒரு பகுதி அரசியல் சட்டத்துக்கு முரணானதென்று 1803-ல் பிரதம நீதிபதி மார்ஷல் தள்ளினார். பார்லிமெண்டு இயற்றும் சட்டத்தைக் கோர்ட் தள்ளலாம் என்ற பெருங்கொள்கை அங்ஙனம் எல்ஸ்வொர்த்தின் பிழையிலிருந்து பிறந்தது விந்தையே.

1796-ல் அவரே பிரதம நீதிபதியானார். தாம் வகுத்த சுற்றுப் பயணத்தின் கஷ்டம் அவரையும் விடவில்லை. 1799-ல் ஜனாதிபதி ஆடம்ஸ் அவரைப் பிரான்ஸுக்குத் தூதராக அனுப்பினார். நெப்போலியன் சர்க்காருடன் உடன்படிக்கை முடிந்தது. ஆனால் கடற்பிரயாணமும் நோயும் அவர் உடலைக் குலைத்தன. அங்கிருந்தே 1800-ல் பதவியைத் துறந்தார். 1807 நவம்பரில் விண்ட்ஸரில் காலமானார்.

ஆம்ஸ்டெட்டின் வழக்கு அப்போதும் முடியவில்லை. 1803-ல் ஜில்லா ஜட்ஜ் பீட்டர்ஸ் மாலுமிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பென்ஸில்வேனியா சட்டசபை எதிர்ச் சட்டம் இயற்றியது. 1809-ல் ஸுப்ரீம் கோர்ட் தீர்ப்பை நிறைவேற்றக் கட்டளையிட்டதும், கவர்னர் ராஜ்யப் படையை ஏவி, காலஞ்சென்ற பொக்கிஷதாரர் ரிட்டன்ஹவுஸின் புத்திரிகள் வாழ்ந்த வீட்டைச் சுற்றிக் காவல் போட்டார். ஜனாதிபதி மாடிஸன் ராஜ்யத்துக்கு இணங்க மறுத்தார். எல்ஸ்வொர்த்தின் சட்டம் படைத்த மார்ஷல் காவலர் கண்ணில் படாமல் வீட்டினுள் புகுந்து கட்டளையை நிறைவேற்றினார். ராஜ்யம் பணிந்தது. முப்பதாண்டுகளுக்குப் பின், அறுபதை எட்டிய ஆம்ஸ்டெட் தமது பணத்தைப் பெற்றார்.