டூப்ளேவும் எங்க குழுக் கடனும்
பீச் ரோட்டில் சிலையா நிக்கிற டூப்ளேவை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். 1697-ல் பிரான்சில் பிறந்தவர். சந்திரநாகூரில் சொந்த வியாபாரம் செய்து பெரும் பணம் சேர்த்தார். 1742-ல் நம்ம புதுச்சேரிக்கு கவர்னர் ஆனார். அதோடு நின்றாரா? ஆற்காடு, ஐதராபாத் அரியணைச் சண்டைகளில் இறங்கினார். நவாப் பட்டமும் வழுதாவூர் ஜாகீரும் கிடைத்தன. அப்பவும் போதலை. கைப்பணத்தையும் போரில் கொட்டினார்; அழிந்தது ஏழைகளின் வயல். 1754-ல் கம்பெனி திரும்ப அழைத்துக்கொண்டது. போட்ட பணத்தைக் கேட்டு வழக்காடியே 1763-ல் பாரிசில் கடனோடு செத்தார்.

போன வருஷம் நான் இரண்டாவது கடன் கேட்டப்ப, எதுக்கு, எவ்வளவு போதும்னு குழுவில் கேட்டாங்க. கோபம் வந்தது. பாதிதான் வாங்கினேன், அடைச்சுட்டேன். டூப்ளேவை அப்படிக் கேட்க ஒரு குழு இல்லாமப் போச்சே, அக்கா!