நீதிமான் அரிஸ்ரைடிஸ்

கிரேக்க தேசத்து அதென்ஸ் நகரிலே நீதிமான் என்னும் பெயர் பெற்று வாழ்ந்தவர் அரிஸ்ரைடிஸ். கி. மு. 490இல் மரதன் போரிலே தளபதிகளுள் ஒருவராய் நின்று பாரசீகரை எதிர்த்தார். வெற்றியின்பின் பகைவர் விட்டகன்ற பொன்னையும் பொருளையும் காக்கும் பொறுப்பு அவரிடமே விடப்பட்டது; அவற்றுள் ஒன்றையும் அவர் தீண்டிற்றிலர் என்ப.

இத்தகையாரையும் நகரத்தார் துரத்தினர். செல்வாக்கு மிக்க ஒருவரை அகற்றவேண்டின், குடிகள் உடைந்த மட்கலத்து ஓடுகளில் அவர் பெயரைக் கீறி இடுதல் அந்நகர வழக்கு. ஓடுகள் 6,000க்குக் குறையாதிருப்பின், மிகுதியான ஓடுகளிற் பெயர் காணப்பட்டவர் பத்தாண்டு நகரை நீங்கல் வேண்டும். குற்றச்சாட்டுமில்லை, விசாரணையுமில்லை. தெமிஸ்தொக்கிளிஸ் என்பவரோடு கொண்ட மாறுபாட்டால் கி. மு. 482இல் அரிஸ்ரைடிஸ் அவ்வாறு விலக்கப்பட்டார். அன்று எழுத்தறியாத நாட்டுப்புறத்தான் ஒருவன், அவரை இன்னாரென்றறியாது, அவர் பெயரையே ஓட்டில் எழுதித் தரும்படி வேண்டினான் என்றும், நீதிமான் என்று யாண்டும் கேட்டுச் சலித்தமையன்றி வேறு காரணம் அவனுக்கில்லை என்றும், அவர் மறுமொழி கூறாது எழுதிக் கொடுத்தார் என்றும் புளூட்டாக் கூறுவர்.

வகுப்பிலே இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இவ்வளவில் நிறுத்திவிடுகின்றனர். பின் நிகழ்ந்ததையே நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

இரண்டாண்டு கழியப் பாரசீக வேந்தன் சேர்சஸ் பெரும்படையோடு வந்தான். விலக்குண்டோரை மீள அழைக்க நகரத்தார் தீர்மானித்தனர். அரிஸ்ரைடிஸ் பகைவரோடு சேர்ந்து பலரையுந் தம்பக்கம் இழுத்துவிடுவார் என்று அஞ்சியே அழைத்தனராம்; அவ்வச்சம் அவரை அறியாதார் அச்சமே. கி. மு. 480இல், சலாமிஸ் தீவருகே கிரேக்கர் கப்பல்களைப் பாரசீகக் கப்பல்கள் வளைத்த இரவில், ஏஜினாவினின்று அவற்றினூடே தப்பி வந்து, அவர் முதலிற் சென்றது தெமிஸ்தொக்கிளிஸ் இடத்திற்கே. நாட்டுக்கு மிக்க நன்மை செய்வார் யார் என்பதிலன்றி இனி நமக்குள் வேறு போட்டி வேண்டா என்று கூறி, பகைவர் சூழ்ந்தமையை அறிவித்தார். தாம் சொன்னால் ஏனைத் தளபதிகள் நம்பார் என்று கருதிய தெமிஸ்தொக்கிளிஸ், அதனைச் சபையிலுரைக்க அவரையே அனுப்பினார். தம்மை நாடுகடத்தியவருக்கு வாய்மொழி தேவைப்பட்டபோது, அரிஸ்ரைடிஸ் தம் வாய்மொழியை ஈந்தார்.

மறுநாள் வீரரோடு சித்தாலியாத் தீவில் இறங்கி அங்கிருந்த பாரசீகரை அழித்தார். அடுத்த ஆண்டு பிளத்தீயாப் போரிலே 8,000 அதேனியரை நடத்திய தளபதியும் அவரே. பின்னர், நேச நாடுகள் கொடுக்கவேண்டிய திறையை அளவிடும் பணியும் அவர் கையிலே வைக்கப்பட்டது. மொத்தம் 460 தலந்து.

காலம் மாறிற்று, தெமிஸ்தொக்கிளிஸும் அதே ஓடுகளால் விலக்கப்பட்டார். பலரும் அவர்மீது பழி தூற்றியபோது அரிஸ்ரைடிஸ் ஒரு சொல்லும் கூறிற்றிலர்.

அவர் இறந்தபோது ஈமச்செலவுக்கும் பொருளில்லை என்ப. புதல்வியர் இருவருக்கும் தலைக்கு 3,000 திராக்மா சீதனமாக நகரப் பண்டாரத்திலிருந்து கொடுக்கப்பட்டது.