கார்வரும் காராமணி வேரும்

விடியற்காலையில் ஒரகடம் பக்கம் நின்றால் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். கழுத்தில் அடையாள அட்டையோடு ஏறுகிறவர்களில் நம் சேரிப் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் சிலருடைய தாத்தா பெயரில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ நிலம் இருந்தது. அந்த நிலம் இன்று சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. இல்லையென்றால் பெயர் மாறி, கல் நட்ட மனையாகிவிட்டது. ஏன் பயிர் வைக்கவில்லை என்று கேட்டால், மண் செத்துவிட்டது, போட்டது கூடத் திரும்பாது என்கிறார்கள்.

செத்த மண்ணுக்கு உயிர் கொடுக்கப் பாடுபட்ட ஒருவரைப் பற்றி இந்த வாரம் சொல்ல வேண்டும். நம்மைப் போலவே நிலமும் மரியாதையும் மறுக்கப்பட்ட மக்களிடையே பிறந்தவர் அவர். பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதை நமக்கு அந்நியமானதல்ல. அங்கே அடிமை முறையை ஒழிக்க உழைத்தவர்களுக்குத்தான் 1873இல் மகாத்மா ஜோதிராவ் பூலே தம் குலாம்கிரி நூலைக் காணிக்கையாக்கினார்.

மிசூரி மாநிலத்தில் டைமண்ட் என்ற சிற்றூருக்கு அருகே, 1864ஆம் ஆண்டை ஒட்டி கார்வர் பிறந்தார். சரியான தேதி கிடையாது. அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைக்கு யார் தேதி குறித்து வைத்தார்கள்? தாய் மேரி, மோசஸ் கார்வர் என்ற வெள்ளைக்கார விவசாயி விலை கொடுத்து வாங்கிய பெண். ஜார்ஜ் கைக்குழந்தையாக இருந்தபோது ஆள் கடத்தும் கும்பல் ஒன்று தாயையும் பிள்ளையையும் தூக்கிச் சென்றது. தேடிப் போன ஆள் குழந்தையை மட்டும் மீட்டு வந்தார். அதற்கு ஈடாக மோசஸ் ஒரு குதிரையைக் கொடுத்தார். தாய் கடைசிவரை கிடைக்கவில்லை. 1865இல் அடிமை முறை ஒழிந்தது. எஜமானின் குடும்பப் பெயரே பிள்ளைக்கும் நிலைத்துவிட்டது.

நோஞ்சான் பிள்ளை என்பதால் வயலுக்கு அனுப்பவில்லை. வீட்டில் சமைக்கவும் துவைக்கவும் தைக்கவும் கற்றுக்கொண்டான். மற்ற நேரமெல்லாம் காட்டில் செடிகளோடு இருப்பான். அக்கம்பக்கத்தார் வாடிய செடியை அந்தச் சிறுவனிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். ஆனால் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கறுப்புப் பிள்ளைகளுக்கு இடமில்லை. பத்து மைல் தள்ளி நியோஷோ என்ற ஊரில் இருந்த பள்ளிக்குத் தனியாகவே கிளம்பிப் போனான். மருத்துவச்சியும் சலவைத் தொழிலாளியுமான மரியா வாட்கின்ஸ் என்ற கறுப்பினத் தாய் தங்க இடம் கொடுத்தார்.

அங்கிருந்து கன்சாஸ். 1879இல் ஃபோர்ட் ஸ்காட் நகரில் ஒரு கறுப்பினத்தவரைச் சிறையிலிருந்து இழுத்துவந்து வெள்ளையர் கும்பல் கொன்றதை ஜார்ஜ் கண்ணால் பார்த்தார். உடனே அந்த ஊரை விட்டு வெளியேறினார். ஊர் ஊராக அலைந்து, துணி துவைத்து, சமையல் செய்து பள்ளிப் படிப்பை முடித்தார். ஹைலண்ட் என்ற கல்லூரி கடிதம் வழியாக இடம் கொடுத்தது. நேரில் போய் நின்றபோது நிறத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. வடிகட்டுவது நிறமா சாதியா என்பதுதான் வேறுபாடு. வாசலில் நிற்பவரின் வலி ஒன்றுதான்.

1890இல் அயோவா மாநிலத்தின் சிம்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஓவியம் படிக்கப் போனவர். அவருக்குச் செடிகளின் மேல் இருந்த பிடிப்பைக் கண்ட ஆசிரியை எட்டா பட், வேளாண்மை படிக்கச் சொல்லி வழிகாட்டினார். 1891இல் ஏம்ஸ் நகரிலிருந்த அயோவா வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவர்தான் முதல் கறுப்பின மாணவர். தொடக்கத்தில் மற்ற மாணவர்களோடு அமர்ந்து சாப்பிட விடவில்லை. 1894இல் இளநிலை, 1896இல் முதுநிலைப் பட்டம் பெற்று, அதே கல்லூரியின் முதல் கறுப்பின ஆசிரியராகவும் ஆனார்.

அங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். 1896இல் புக்கர் டி. வாஷிங்டன் அழைத்தார். அலபாமாவில் கறுப்பின மக்களுக்காக அவர் நடத்திய டஸ்கீகி கல்வி நிறுவனத்துக்கு கார்வர் போய்ச் சேர்ந்தார். ஆய்வுக்கூடம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மாணவர்களோடு குப்பைமேடுகளில் புகுந்து பாட்டில், ஜாடி, கம்பி பொறுக்கிவந்து கருவிகள் செய்தார்.

வெளியே இருந்த மண் அதைவிட மோசம். ஆண்டுதோறும் பருத்தி, மறுபடியும் பருத்தி என்று பயிரிட்டு, சத்தெல்லாம் உறிஞ்சப்பட்ட மணல் நிலம். உரம் வாங்க விவசாயியிடம் காசில்லை. அந்த நிலத்துக்கு கார்வர் சொன்ன மருந்து காராமணி. கூடவே நிலக்கடலை, சோயா. சர்க்கரைவள்ளியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

அவரைக் குடும்பத்துப் பயிர்கள் எப்படி மண்ணைத் தேற்றுகின்றன என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் விடும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. ஆனால் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. மண்ணில் இருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிரி அதற்குத் துணை நிற்கிறது. அது காராமணி, உளுந்து, கடலை போன்றவற்றின் வேருக்குள் புகுந்து சிறு முடிச்சுகளில் குடியிருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குத் தேவையான வடிவத்துக்கு மாற்றித் தரும். பதிலுக்குச் செடி தான் இலையில் சமைத்த சர்க்கரையைக் கொடுக்கும். அறுவடைக்குப் பிறகு வேரும் தழையும் மண்ணிலேயே மக்கினால், அந்தச் சத்தில் ஒரு பகுதி அடுத்த பயிருக்குப் போகும். ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் இதை நிறுவியது 1886இல். பைஜெரிங்க் அந்த நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தது 1888இல். பத்தே ஆண்டு வயதான அந்த அறிவியலை, எழுதப் படிக்கத் தெரியாத உழவரின் வயலுக்குக் கொண்டுபோனதுதான் கார்வர் செய்த பெரிய வேலை.

எளிய நடையில் துண்டு நூல்களை எழுதினார். 1903இல் காராமணி பற்றியும், 1905இல் சத்திழந்த மண்ணைத் தேற்றுவது பற்றியும் எழுதினார். 1906இல் கோவேறு கழுதை இழுக்கும் வண்டி ஒன்றில் விதையும் கருவிகளும் ஏற்றி, ஊர் ஊராகப் போய்ச் சொல்லித்தர ஏற்பாடு செய்தார். ஜெசப் என்ற செல்வர் பணம் கொடுத்ததால் அதற்கு ஜெசப் வண்டி என்று பெயர். விளைந்த கடலையை என்ன செய்வது என்று கேட்டவர்களுக்காக 1916இல் 105 சமையல் முறைகளோடு ஒரு நூல் போட்டார். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர் என்று பாடப் புத்தகங்களில்கூட வருவதுண்டு, அது தவறு. 1921இல் நாடாளுமன்றக் குழு முன்பு கடலை பற்றிப் பேச 10 நிமிடம் ஒதுக்கினார்கள். கேலியோடு தொடங்கிய உறுப்பினர்களே பிறகு நேரத்தை நீட்டிக்கொண்டே போனார்கள்.

1943 ஜனவரி 5 அன்று டஸ்கீகியிலேயே இறந்தார். 46 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே உழைத்து, சேர்த்த பணத்தையும் ஆய்வுக்கே விட்டுச்சென்றார்.

அவருடைய வாழ்க்கையில் நாம் மறைக்கக் கூடாத ஒரு குறையும் உண்டு. அவர் பேசிய உழவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். நிலம் வெள்ளையருடையது. கடன் கொடுத்த வியாபாரி பருத்தியைத்தான் ஈடாகக் கேட்டார். காராமணி போட்டால் மண் தேறும் என்று தெரிந்தும், போடும் உரிமை அவர்கள் கையில் இல்லை. இந்த அநீதியைப் பற்றி கார்வர் வெளிப்படையாகப் பேசவில்லை. அரசியலிலிருந்து ஒதுங்கியே இருந்தார். மண்ணைத் தேற்றும் அறிவு இருந்தது. மண்ணின் மேல் உரிமை இல்லாததால் அந்த அறிவு பாதி வழியிலேயே நின்றது.

கார்வர் டஸ்கீகிக்குப் போவதற்கு ஐந்தாண்டு முன்பு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் நம் முன்னோரின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். படியாளாகக் கட்டுண்டு கிடந்ததையும், தரிசு நிலம் கேட்டாலும் மிராசுதாரர்கள் தடுத்ததையும் 1891இல் பதிவு செய்தார். அதன் விளைவாக 1892இல் அரசாணை வந்தது. அப்படிக் கிடைத்ததுதான் பஞ்சமி நிலம். மற்ற வகுப்பாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த நிலம். அப்படியும் கைமாறிப் போனது. அதைத் திரும்பக் கேட்டதற்காக 1994இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். தொழிற்சாலைகள் வந்த பிறகு இந்த வட்டாரத்தில் சென்ட் நிலத்துக்கும் விலை ஏறியிருக்கிறது. தரிசாகக் கிடக்கும் நிலத்தின் மேல்தான் முதலில் பிறர் கண் விழும்.

அதனால் இரண்டு வேலை சொல்கிறேன். ஒன்று, தாத்தா பெயரில் இருந்த நிலத்துக்கு அ-பதிவேட்டு நகல் எடுத்துப் பாருங்கள். அது டி.சி. நிலமா, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஒரு விடுமுறை நாளை இதற்கு ஒதுக்கலாம்.

இரண்டு, நிலம் கையில் இருந்தால் இந்தப் பட்டத்தில் காராமணியோ உளுந்தோ கடலையோ போடுங்கள். வேளாண்மை விரிவாக்க மையத்தில் ரைசோபியம் பாக்கெட்டாகக் கிடைக்கும். எந்தப் பயிருக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். ஏக்கருக்குச் சுமார் கால் கிலோ போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். பூஞ்சாண மருந்து போடுவதாக இருந்தால் அதை முதல் நாளே போட்டுவிடுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு சரியாக வைக்காது.

முப்பது முப்பத்தைந்தாம் நாள் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேரை அலசிப் பாருங்கள். வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் நுண்ணுயிரி வேலை செய்கிறது. வேரே வீங்கியிருந்தால் அது நூற்புழு; வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

பயிர் நிற்கும் நிலத்தைத் தரிசு என்று எவரும் சொல்ல முடியாது. அடங்கலில் அந்தப் பயிரை எழுதச் சொல்லி கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். கார்வரின் உழவர்களுக்குக் கிடைக்காமல் போனது நிலத்தின் மேல் உரிமை. நமக்கு அது காகிதத்திலாவது இருக்கிறது. அதை வயலிலும் நிலைநாட்டுவோம்.