திரவப் படிக அறிஞர் சந்திரசேகர்

திடப்பொருளுக்கு ஒழுங்குண்டு, ஓட்டமில்லை. திரவத்துக்கு ஓட்டமுண்டு, ஒழுங்கில்லை. இவ்விரு தன்மையும் ஒருங்கே அமைந்த பொருளும் இயற்கையில் உண்டென்பதை 1888-ஆம் ஆண்டில் ரைனிட்சர் என்னும் தாவரநூல் வல்லார் கண்டார். அதனைத் திரவப் படிகம் என்பர். அப்பொருளை ஆராய்வதற்கே தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை அளித்த தமிழ்க்குடிப் பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

சிவராமகிருஷ்ண சந்திரசேகர் 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். சர் சி. வி. இராமன் இவருக்குத் தாய்மாமன். நோபெல் பரிசு பெற்ற வானநூலறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரோ இராமனின் தமையனார் புதல்வர். பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவரென மயங்குவார் உளராதலின் இதனை முதற்கண் கூறினோம்.

நாகபுரிப் பல்கலைக்கழகத்தில் 1951-இல் எம். எஸ்ஸி. பட்டம் பெற்றபின், பெங்களூரில் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் மாமனுக்கே மாணவராய் அமர்ந்து, படிகங்களினூடே ஒளி செல்லுந் திறத்தை ஆராய்ந்தார். பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் பயின்று, 1961-இல் தாயகம் மீண்டு, மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத்துறைக்கு முதல் தலைவரானார். ஆங்குத் திரவப் படிக ஆராய்ச்சியிற் புகுந்தார். 1971-இல் மீண்டும் இராமன் நிலையம் சேர்ந்து, அதற்கெனவே ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். மாமனார் அதற்கு முந்திய ஆண்டே காலமாகியிருந்தார்.

திரவப் படிகத்தின் ஒழுங்கு எத்தகையது? குற்றாலத்துச் சாரல் பொழியும் நாளில் எம்மூராகிய ஆய்க்குடியின் வாய்க்கால்களில் வைக்கோல் மிதந்து செல்லக் காண்கிறோம். இன்ன துரும்பு இன்ன இடத்தில் என்னும் நியதியில்லை. எனினும் யாவும் ஓட்டத்தின் திசையே நோக்கிக் கிடக்கும். நீண்டு விறைத்த மூலக்கூறுகளோ, ஓட்டத்தின் ஏவலுமின்றித் தம்முள் தாமே திசையொத்து நிற்கும். ஆகவே, கோல் போன்ற மூலக்கூறுகளுக்கே இவ்வியல்பு உரியதென்று ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அறிஞர் கருதியிருந்தனர்.

தட்டு வடிவான மூலக்கூறுகளுக்கும் அது வாய்க்குமோ என்று சந்திரசேகர் ஆராய்ந்தார். பென்சீன் வளையத்தை நடுவாக வைத்து, அதனைச் சுற்றி நெகிழ்வுள்ள ஆறு நெடுங்கிளைகளைப் பொருத்திய பொருளைச் சதாசிவா, சுரேஷ் என்னும் துணைவரோடு சோதித்தார். தட்டுகள் காசுகளை அடுக்கினாற்போலத் தூண்களாய் நின்றன. திரவத்தன்மையும் முற்றும் நீங்கவில்லை. 1977-இல் வெளியான இம்முடிவு திரவப் படிக நூலில் ஒரு புதிய பிரிவையே தோற்றுவித்தது.

அதன் பயன் பாலிமர் என்னும் நெடுந்தொடர்ப் பொருள்களையும் சென்றடைந்தது. மாவிலைத் தோரணத்தைக் கருதுக. கயிறு நெடுந்தொடர்; இலைகள் அதன் விறைத்த பக்கக் கிளைகள். இலையைக் கயிற்றோடு இறுக்கிக் கட்டினால் கயிறு முறுகுந்தோறும் இலையும் முறுகும். சிறிது நூல் விட்டுக் கட்டினால் இலைகள் தம்முள் ஒத்து நிற்க இடமுண்டாகும். அவ்வாறே இடையில் நெகிழ்வான இணைப்பு வைத்தால், விறைத்த பக்கக் கிளைகள் தொடரின் நெளிவுக்கு அடிமையாகாமல் ஒழுங்குறும் என்பதை 1978-இல் ஜெர்மானிய அறிஞர் ஃபிங்கெல்மன், ரிங்ஸ்டார்ஃப் முதலியோர் காட்டினர். 1983-இல் தட்டு மூலக்கூறுகளும் அங்ஙனமே பக்கக் கிளைகளாகக் கோக்கப்பட்டன. தட்டு மூலக்கூறுகளாலான மென்படலங்கள் பிற்காலத்தில், கணினித் திரையைப் பக்கத்தே நின்று நோக்குவார்க்கும் உருவம் மங்காதிருக்க உதவின.

1983-இல் இலண்டன் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராக ஏற்றது. 1994-இல் ராயல் பதக்கம் அளித்தது. 1998-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற பின்னரும் இவர் ஓய்ந்திலர். அறுபது வயதைக் கடந்து பெங்களூரில் திரவப் படிக ஆராய்ச்சி மையம் ஒன்றைப் புதிதாய்த் தோற்றுவித்தார். 2004-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள் இவர் காலமானபோது எம் வகுப்பினர் பிறந்திலோம். அம்மையமோ வேறு பெயரோடு இன்றும் பணிபுரிகின்றது.

கடல் கடந்தாலன்றி ஆராய்ச்சி கைகூடாது என்று நம்மிற் சிலர் சோர்வுறுகின்றனர். அயல்நாட்டிற் கற்று மீண்டவரே இவரும். எனினும் இவர் பெயரை நிலைநாட்டிய ஆய்வு பெங்களூரிலேயே செய்யப்பெற்று, பெங்களூரில் வெளிவரும் பிரமாணா என்னும் இதழிலேயே அச்சேறியது. உலகம் அதனைத் தேடி வந்து படித்தது. விஞ்ஞானம் பயிலும் நண்பர்கள் இதனை மனங்கொள்வாராக.