பிடியரிசியில் வளர்ந்த பள்ளி

ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில், கோவிலும் பள்ளிக்கூடமும் ஒன்றென வாழ்ந்த புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா அடிகளாரை நினைவுகூர்கிறோம். கேரளத்துக் கைனகரியில் 1805-ல் பிறந்த அவர், 1846-ல் மான்னானம் என்னும் சிற்றூரில் சமஸ்கிருதப் பள்ளி தொடங்கி, சாதி பாராது பிள்ளைகளைச் சேர்த்தார். 1861-ல் விகார் ஜெனரலான பின், கோவில்தோறும் பள்ளி வேண்டுமெனப் பணித்தார். கொடிமரத்திற்கு நன்கொடை தானே வரும். கரும்பலகைக்கு நாம் கேட்டுத்தான் வாங்கவேண்டும்!

பசித்த வயிற்றோடு ஏழைப் பிள்ளை எப்படி எழுத்துக் கூட்டும்? அடிகளார் மதிய உணவுக்கு வழி கண்டார். உலை வைக்கும்போது வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். அது சேர்ந்து பள்ளிக்கு வரும். மலையாளத்தில் அதற்குப் பிடியரி என்று பெயர்.

1871 ஜனவரி 3-ல் கூனம்மாவில் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். 2014-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.